ஈயம் பெருத்தால் மீன் பெருகுமா?

திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய் தொடங்கி, நிலையூர், மாடக்குளம் என்று மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் எதன் கரையில் ஏறினாலும், தண்ணீர் நிற்கும் மாதங்களில் தூண்டிலும் கையுமாக நிற்கிற நாலு பேரையாவது காணலாம். அந்த நாலு பேரும் வேறு எந்த விஷயத்தில் மாறுபட்டாலும், ஈயத்தின் விஷயத்தில் மட்டும் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். ஈயம் கனமாக இருந்தால்தான் இரை தூரம் போகும்; தூரம் போனால்தான் ஆழம் கிட்டும்; ஆழத்தின் அடியில்தான் பெரிய மீன் கிடக்கும் என்பது அந்த மதத்தின் மூல மந்திரம். முள்ளில் மண்புழுவைக் கோத்து, நெட்டித் தக்கையை மிதக்கவிட்டு, வெயில் தாழும்வரை ஒரே இடத்தில் குந்தியிருந்த காலத்தில் இந்த மந்திரத்தால் பெரிய கெடுதல் ஒன்றும் விளைந்துவிடவில்லை. இப்போது வேறொரு முறை பரவி வருகிறது. ஸ்பின்னர் என்று கடைக்காரர்களும் வாலிபர்களும் வழங்குகிற சுழல் தகட்டை நரம்பில் கட்டி, பரிசலிலிருந்தோ கரைமேல் நடந்தபடியோ தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே போய், விராலைச் சீண்டிப் பிடிக்கிற முறை அது. அந்த முறைக்கும் பழைய மந்திரத்தையே ஓதி, முப்பது கிராம் ஈயக்குண்டைத் தகட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நாற்பது கிராமுக்கு ஏறுவது என்ற சம்பிரதாயம் ஏற்பட்டுவிட்டது. இந்தச் சம்பிரதாயம் முதற்படியிலிருந்து கடைசிப்படி வரையில் பிழை என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியின் வாதத்தைக் குறைத்துச் சொல்லி ஜயிப்பதில் பெருமை இல்லை. அவர்கள் பக்கத்தில் நியாயம் போலத் தோன்றுகிற காரணங்கள் பல உண்டு. கனமான குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. நரம்பு விறைத்து நிற்கிறது. மடைப் பக்கத்தில் தண்ணீர் ஓடும்போதும் இரை இடம் பெயராமல் கிடக்கிறது. கடித்த மீன் குண்டின் கனத்தாலேயே முள்ளைத் தன் வாயில் ஏற்றிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்முடைய தந்தையரும் பாட்டன்மாரும் அப்படித்தான் பிடித்தார்கள். இவற்றில் கடைசிக் காரணத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவர்கள் பிடித்தது கிடைத்தூண்டிலில், நாம் பேசுவது இழுவைத் தூண்டிலைப் பற்றி. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தூரம். கண்மாய் என்பது என்ன? இயற்கையாக ஏற்பட்ட ஏரியல்ல. சரிவான நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில் மண்ணைக் குவித்துக் கரை போட்டு, மேட்டிலிருந்து வருகிற மழைநீரையும், நிலையூர்க் கால்வாய் போன்ற கால்வாய்கள் கொண்டுவந்து சேர்க்கும் வைகை நீரையும் தடுத்து நிறுத்திய தேக்கம். ஆகவே அதன் ஆழம் நடுவில் இல்லை. கரையின் காலடியில் இருக்கிறது. கரை போடுவதற்கும் பிற்காலத்தில் உயர்த்துவதற்கும் மண் எடுத்த பள்ளங்கள் கரையை ஒட்டியே கிடக்கின்றன. கண்மாயின் அடிமட்டத் தண்ணீரையும் வயலுக்கு விடவேண்டிய மடை, ஆழமான இடத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. கரையிலிருந்து உள்வாயை நோக்கிப் போகப் போக நிலம் மேடாகிக்கொண்டே போய், கடைசியில் முழங்கால் தண்ணீரும் கோரைப்புல்லும் மாடு மேய்கிற ஈரத்தரையுமாக முடிகிறது. இந்தச் சாமானிய உண்மையை, கோடையில் வற்றிய கண்மாயில் கிரிக்கெட் ஆடிய பையன் எவனும் அறிவான். அறிந்திருந்தும், தண்ணீர் நிரம்பியவுடன் அதை மறந்துவிட்டு, காலடியில் கிடக்கும் ஆழத்தைத் தாண்டி, நாற்பது கிராம் ஈயத்தின் உதவியால் மெனக்கெட்டு மேட்டை நோக்கி எறிகிறார்கள் நம் அன்பர்கள். தூரத்தில் ஆழம் என்பது கடலுக்கும் மலைநாட்டு ஏரிக்கும் பொருந்துகிற கணக்கு. பாண்டிநாட்டுக் கண்மாயில் எவ்வளவு தூரம் எறிகிறோமோ அவ்வளவு ஆழத்தை இழக்கிறோம். கரைக்கு இணையாக, கரையை விட்டு ஐந்தாறு மீட்டர் தள்ளி, கரைமேல் மெல்ல நடந்துகொண்டே தகட்டை இழுத்துப் போகிறவனுக்கு, பரிசலும் வேண்டாம், வீச்சும் வேண்டாம். கண்மாயின் மிக ஆழமான பகுதி முழுவதும் அவன் நரம்பின் கீழே வந்துவிடுகிறது. சீமைக் கருவேல் அடர்ந்த கரைகளில் நடை தடைப்படும் என்பது மெய்தான்; அதற்கு ஈயம் பரிகாரமாகாது, அரிவாள்தான் பரிகாரம்.

இரண்டாவது, அடியில்தான் பெரிய மீன் என்ற நம்பிக்கை. எந்தப் பெரிய மீன் என்று கேட்க வேண்டும். மீன்வளத்துறையார் குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்றையும் சேர்த்து வளர்க்கச் சொல்வதற்குக் காரணமே, அந்த மூன்றும் மூன்று தட்டுகளில் இரை தேடுகின்றன என்பதுதான். மேல்நோக்கிய வாயையுடைய கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிறது. ரோகு இடைநீரில் மேய்கிறது. மிர்கால் ஒன்றே அடிச்சேற்றைக் கிளறுகிறது. ஆக, அடியிலே ஈயத்தைக் கிடத்துகிறவன் மூன்று வீட்டில் ஒரு வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறான். அந்த வீட்டுக்காரனாகிய மிர்காலோ சுழல் தகட்டை ஏறெடுத்தும் பாராத சாது. தகட்டைத் துரத்தும் சுபாவமுள்ள நம் ஊர்க் கண்மாய் மீன் விரால். அதற்கு அடுத்தபடியாக அதன் சிறிய பங்காளியான குரவையைச் சொல்லலாம். விராலோ காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுளால் மட்டும் உயிர்வாழ அதனால் ஆகாது. சிறிது நேரத்துக்கு ஒரு தரம் மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுத்தான் கீழே போக வேண்டும். அது இரைக்காகப் பதுங்குவது அல்லிக்கொடியின் நிழலிலும், ஆகாயத்தாமரையின் ஓரத்திலும், பழைய படித்துறைக் கல்லின் இடுக்கிலும். அங்கிருந்து மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்து, தலைக்கு மேலே போகிற சிறு கெண்டையையும் தவளையையும் பாய்ந்து கவ்வுகிறது. அதன் கண்ணுக்குக் கீழே, சேற்றோடு சேறாக ஊர்ந்து போகிற தகடு அதற்கு இரையாகத் தோன்றுவதே இல்லை. தாய் தகப்பன் இரண்டும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு திரியும் பருவத்தில் அவை எதன்மேலும் பாயும். அந்தப் பாய்ச்சலை நம்பித் தூண்டில் போடுவது மீன்பிடிப்பில் சேர்ந்ததல்ல என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

அடியைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. வெயில் காயும் தேங்கிய நீரில், அடியில் மக்கும் இலைதழைகளும் வண்டலும் நீரில் கரைந்த பிராணவாயுவை இடைவிடாமல் தின்றுகொண்டிருக்கின்றன. இரவில் பாசியும் வாயுவை உண்டாக்காது நிற்பதால், விடியற்காலையில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. கெண்டை இனங்கள் அந்நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்மாய்க் கரையில் வாழ்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். தூண்டில்காரர்கள் உகந்ததென்று கொண்டாடுகிற அதே விடியற்காலையில், மீன் விட்டுவந்த அடியிலே போய் ஈயம் படுத்துக்கொள்கிறது.

நக்கீரர் சரவணப் பொய்கைக் கரையில் பூஜையில் இருந்தபோது, மரத்திலிருந்து விழுந்த இலையொன்று பாதி நீரிலும் பாதி நிலத்திலும் பட்டு, நீரில் பட்ட பாதி மீனாகவும் நிலத்தில் பட்ட பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டதாக எங்கள் ஊராகிய திருப்பரங்குன்றத்தின் புராணம் சொல்கிறது. அந்த இழுபறியைப் பார்த்துப் பூஜையை மறந்ததற்காக அவரைப் பூதம் பிடித்துக்கொண்டு போய்க் குகையில் அடைத்ததாம். பொய்கையில் தூண்டில் போடும் துணிச்சல் இன்றும் யாருக்கும் இல்லை. மலைமேல் காசி விசுவநாதர் சுனையில் மச்சமுனி சித்தர் மீனாக உலவுகிறார் என்று நம்பித் தயிர் விட்டுக் கும்பிடுகிற ஊர் இது. ஆனால் அந்த மீன்களைக் கும்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: தயிரும் பொரியும் தண்ணீரின் மேலே விழுகின்றன, மீன்கள் மேலே வருகின்றன. அவற்றை அழைக்க யாரும் ஈயத்தில் பொரியைக் கட்டி இறக்கியதில்லை.

இப்போது, பழைய நம்பிக்கைக்குப் புதிய சாஸ்திரம் ஒன்று துணைக்கு வந்திருக்கிறது. வட அமெரிக்காவில் வால்ஐ என்றொரு மீன் உண்டு. நம் வாளைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மின்னெசோட்டா ராஜ்யம் 1965-ல் அதைத் தன் அடையாளச் சின்னமான மீனாகவே அங்கீகரித்துக்கொண்டது. பூனைக்கு இருப்பதுபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் அதன் கண்ணுக்குள் இருப்பதால், மங்கிய நீரிலும் அந்தி வேளையிலும் அது நன்றாகப் பார்க்கிறது. அதைப் பிடிக்க, சுழல் தகட்டையும் புழுவையும் படகிலிருந்து மெதுவாக இழுத்துப் போவது அந்நாட்டு வழக்கம். அடியைத் தொட்டுத் தொட்டுப் போகும் கம்பி வைத்த ஈயம் ஒன்றை அதற்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள். பத்தடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ், அதாவது மூன்று மீட்டருக்கு ஏறக்குறைய 28 கிராம் என்பது அவர்கள் வாய்ப்பாடு. இந்த வாய்ப்பாடு நம் கடைகளுக்கும் வந்து, கடைகளிலிருந்து கரைகளுக்கும் வந்துவிட்டது. எல்லாம் தெரிந்த அமெரிக்காக்காரனே அவுன்ஸ் கணக்கில் ஈயம் போடும்போது நீ யார் குறைத்துப் போடச் சொல்ல, என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு.

அந்த வாய்ப்பாடு எந்த நிபந்தனைகளின்மேல் நிற்கிறது என்பதை அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அது சரளைக்கல்லும் மணலும் பரந்த சுத்தமான அடியைப் பற்றியது; அந்த அடியை ஒட்டி மீன் நிற்கும் பருவத்தைப் பற்றியது; படகு மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் என்ற நிதானத்தில் போவதைப் பற்றியது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வாய்ப்பாடு தவறும். நம் கண்மாயின் அடி, கணுக்கால் புதையும் வண்டல். போதாததற்கு, சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் உள்வாயில் நட்டு, பிறகு வெட்டி எடுத்த கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் வேறு. அங்கே ஒரு அவுன்ஸ் ஈயம் அடியைத் தொட்டுத் தொட்டுப் போகாது; முதல் தொடுதலிலேயே புதைந்து, இரண்டாவது இழுப்பில் கட்டையைக் கட்டிக்கொள்ளும். அது மட்டுமல்ல, அதே வட அமெரிக்காவில், ஈரி ஏரியில் வால்ஐ கூட்டம் அடியை விட்டுவிட்டு நடுநீரில் மிதந்து இரை தேடுகிற மாதங்களில், அங்குள்ள தூண்டில்காரர்கள் அடியைத் தொடும் ஈயத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நரம்பின் நடுவில் ஒரு சிறு எடையை மட்டும் கவ்வவிட்டு, தகட்டை மீன் நிற்கும் மட்டத்திலேயே மிதக்கவைத்து இழுக்கிறார்கள். மீன் எங்கே நிற்கிறதோ அங்கே தகட்டைக் கொண்டுபோக எடையைத் தேர்ந்துகொள்வதுதான் அவர்கள் வித்தை. நாம் அந்த வித்தையை விட்டுவிட்டு, அவுன்ஸை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கிற பௌதிகத்தைச் சற்றுப் பார்க்கலாம். இழுத்துக்கொண்டு போகும் தூண்டில் எவ்வளவு ஆழத்தில் ஓடும் என்பதை எடை மட்டும் நிர்ணயிப்பதில்லை. எடை கீழே இழுக்கிறது. தண்ணீரின் எதிர்ப்பு பின்னாலும் மேலாகவும் தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தால்தான் நரம்பின் சாய்வு ஏற்படுகிறது. எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறுகிறது: வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே விறுவிறுவென்று நடக்கிறவன், நிதானமாக நடக்கிறவனுடைய ஆழத்தை எட்ட நான்கு மடங்கு ஈயம் போட வேண்டியிருக்கும். அவனைப் பார்க்கிறவர்கள் ஈயம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம் அவன் கால். நரம்பின் பருமனும் அப்படியே. பத்து மீட்டர் நீளமுள்ள, 0.40 மில்லிமீட்டர் பருமனுள்ள தங்கூசி நரம்பு தண்ணீருக்குக் குறுக்கே நின்றால் அது காட்டுகிற பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். நாம் இழுக்கிற சிறு தகட்டின் பரப்போ மூன்று நான்கு சதுர சென்டிமீட்டருக்கு மேல் இராது. அதாவது எதிர்ப்பில் பெரும் பங்கு நரம்பினுடையது. அதே வலிமையுள்ள, 0.20 மில்லிமீட்டர் பின்னல் நரம்புக்கு மாறினால் அந்தப் பரப்பு பாதியாகிவிடுகிறது. ஒரு கிராம் ஈயமும் கூட்டாமல் தகடு முன்னிலும் ஆழமாக இறங்கும். நரம்பை மாற்றவேண்டிய இடத்தில் ஈயத்தைக் கூட்டுவதும், நடையைக் குறைக்கவேண்டிய இடத்தில் ஈயத்தைக் கூட்டுவதும், நோய் ஒன்று மருந்து ஒன்று என்பதன்றி வேறில்லை.

தகட்டின் வடிவத்தையும் இங்கே சேர்த்துப் பேசியாக வேண்டும். ஏனென்றால் எடையைத் தேர்வதற்கு முன்னால் தகட்டைத் தேர்ந்தாக வேண்டும். வட்டத்தகடு, கம்பியை விட்டு அகல விரிந்து, மெதுவாக இழுத்தாலும் சுற்றும். தண்ணீரில் அது எழுப்பும் அதிர்வு பலமாக இருக்கும். எதிர்ப்பும் அதிகமாதலால் தானாகவே மேலே ஏறப் பார்க்கும். நீண்ட இலை வடிவத் தகடு, கம்பியை ஒட்டி ஒடுங்கிச் சுற்றும். சுற்றத் தொடங்க வேகம் வேண்டும். அதிர்வு குறைவு, மினுக்கு அதிகம். எதிர்ப்புக் குறைவாதலால் ஆழத்துக்கு இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் கரைந்து கண்மாய் காவி நிறமாக நிற்கும்போது மினுக்கினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மீன் தன் உடம்பின் பக்கக்கோட்டு உணர்வால் அதிர்வை அறிந்துதான் பாயும். அப்போது வட்டத்தகடுதான் வேண்டும், நடை மிக நிதானமாக வேண்டும். தை, மாசியில் தண்ணீர் தெளிந்தபின் இலைத்தகட்டுக்கு மாறலாம். கனமான ஈயத்தைக் கட்டியவனுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. நிதானமாக நடந்தால் ஈயம் அடியில் விழுந்துவிடும் என்ற பயத்தால் அவன் வேகமாக நடக்க வேண்டியிருக்கிறது. வேகமாக நடந்தால் வட்டத்தகடு மேலே ஏறிவிடுகிறது. மேலே ஏறாமல் இருக்க இன்னும் ஈயம் சேர்க்கிறான். ஆக, ஈயம் இன்னும் ஈயத்தைத் தேடுகிறது.

இப்படிச் சொல்வதால் எடையே வேண்டாம் என்பது என் கட்சி என்று கொள்ள வேண்டாம். எடைக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. தகடு சுற்றும்போது, அதைத் தாங்கும் கம்பியும் நரம்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் இழுத்தால் நரம்பு சுருள் சுருளாகி, ரீலில் சிக்குண்டு, அன்றைய பொழுது சிக்கெடுப்பதிலேயே போய்விடும். முறுக்கு ஏறாமல் தான் சுற்றிக்கொடுக்கும் சுழலியை நரம்பில் மாட்டினால் போதும் என்பார்கள். சுழலி சுற்றுவதற்கு அதன் மறுபக்கம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த மறுபக்கத்தை அசையாமல் நிறுத்துவது, நரம்பின் அச்சுக்குக் கீழே சற்றுத் தொங்குகிற ஒரு சிறு எடை. படகுக்கு அடிமரம் எப்படியோ அப்படி நரம்புக்கு அது. இந்த வேலைக்கு ஐந்து கிராம், மிஞ்சிப்போனால் ஏழு கிராம் போதும். ஆனால் அது நரம்பின்மேல் நேர்க்கோட்டில் கோத்த உருண்டையாக இருந்தால் முப்பது கிராமாக இருந்தாலும் முறுக்கைத் தடுக்காது, நரம்போடு சேர்ந்து தானும் உருளும். கனத்தைவிட நிற்கும் நிலை முக்கியம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் வேண்டியதில்லை. அந்த எடைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் நரம்பு விட வேண்டும். கூடினால் ஒன்றரை மீட்டர். நெருக்கிக் கட்டினால், தகடு சுதந்திரமாக ஆட முடியாமல் ஈயத்தின் ஆட்டத்தையே ஆடும். விராலின் கண்ணிலும் முதலில் படுவது ஈயமாகவே இருக்கும்.

கடித்த மீன் கனத்தாலேயே முள்ளேற்றிக்கொள்ளும் என்ற வாதம், எதிர்க்கட்சியில் எனக்கு மிகவும் மரியாதை உள்ள வாதம். ஏனென்றால் கிடைத்தூண்டிலில் அது முற்றிலும் உண்மை. அடியில் அசையாமல் கிடக்கும் இரையை உறிஞ்சிக்கொண்டு புறப்படுகிற மிர்கால், பின்னால் ஒரு கனத்தை இழுக்கும்போது முள்ளைத் தானே குத்திக்கொள்கிறது. இழுவைத் தூண்டிலிலோ தகடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நரம்பு ஏற்கெனவே விறைத்திருக்கிறது. கோலைப் பிடித்த கை முன்னே போய்க்கொண்டிருக்கிறது. முள்ளை ஏற்றுவது அந்த ஓட்டம். நடுவில் தொங்குகிற பெருங்குண்டு என்ன செய்கிறது? மீன் தொட்ட மெல்லிய அசைவைத் தானே விழுங்கிக்கொண்டு, கைக்குச் செய்தி எட்டவிடாமல் செய்கிறது. மாட்டியபின்னும் உபகாரம் இல்லை. விரால் தலையை உதறும் மீன். நீருக்கு வெளியே பாதி உடல் எழும்ப உதறும்போது, அந்தக் குண்டு ஊசலாகி ஒவ்வோர் உதறலிலும் முள்ளை எதிர்த்திசையில் வீசுகிறது. தப்பிய விரால்களைப் பற்றி நம் கரைகளில் வழங்குகிற வீரகதைகளில் பாதியை எழுதியது ஈயம் என்று நான் துணிந்து சொல்வேன்.

காற்றைப் பற்றி: ஆடிக் காற்றில் சிறு எடையை எறிவது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பரிகாரம், காற்று முதுகில் படும்படி நடக்கும் திசையை மாற்றிக்கொள்வதும், எறியாமல் இழுப்பதும்தான்.

எங்கே கனம் வேண்டும் என்பதையும் சொல்லாவிட்டால் நான் இன்னொரு மதத்தை ஸ்தாபிக்கிறவன் ஆகிவிடுவேன். மன்னார் வளைகுடாவில் சீலாவுக்காகப் பொய் இரையை இழுத்துப் போகும் தூத்துக்குடிக்காரர், நம் நடையைப்போலப் பல மடங்கு வேகத்தில் ஓடுகிற விசைப்படகையும், நீரோட்டத்தையும், பருத்த நரம்பையும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்ற அதே விதி அவர் எடையைக் கூட்டச் சொல்கிறது. ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவில் காவேரி இரைந்து ஓடும் இடத்தில், நீரே வேகமாக இருப்பதால், நின்ற இடத்தில் நிற்கிற தகட்டுக்கும் எடை வேண்டும். வைகை அணை நிரம்பி 71 அடியை நெருங்கும்போது, பரிசலிலிருந்து இழுக்கிறவன் பழைய ஆற்றுப் போக்கின் ஆழத்தை எட்ட நினைத்தால், பதினைந்து கிராமுக்குப் போவதில் பிழையில்லை. ஒவ்வொன்றிலும் எடையை நிர்ணயிப்பது நீரும் வேகமும். இவற்றைக் கேளாமல், கடைக்காரர் கட்டிக் கொடுத்ததையே எல்லாத் தண்ணீருக்கும் தூக்கிச் செல்வதைத்தான் நான் மறுக்கிறேன். சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரருக்கு, 1873-ல் இந்திய ஆறுகளின் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதியபின், 1887-ல் குளம் கண்மாய்களுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுத அவசியம் நேர்ந்தது. ஆற்றுக்கு ஒரு நூல், குளத்துக்கு ஒரு நூல் என்று நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அந்நியர் ஒருவர் பிரித்துப் பார்த்ததை, கண்மாய்க் கரையிலேயே பிறந்த நாம் பிரித்துப் பார்க்காதிருப்பது விநோதம்.

கடைசியாக, ஈயம் என்ற உலோகத்தையே பற்றி ஒரு வார்த்தை. நம் கண்மாய்களில் வண்டலுக்குள் அறுந்து தங்கிவிட்ட குண்டுகள் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. அவை அங்கே சும்மா கிடப்பதாக நினைப்பது தவறு. தாராவும் நீர்க்கோழியும் தங்கள் இரைப்பையில் தானியத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களைத் தேடி விழுங்குகின்றன. சிறு ஈயமணியைக் கல்லென்று விழுங்கிய பறவை, அது அரைபட்டுக் கரைந்து உடலெங்கும் விஷமேறி, மெலிந்து சாகிறது. தேம்ஸ் நதியின் அன்னங்கள் இவ்வாறு மடிந்ததைக் கண்ட பிறகுதான், பிரிட்டனில் 1987 முதல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டில் எடைகளைத் தடை செய்தார்கள். சிவகங்கைப் பக்கத்து வேட்டங்குடியில், பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கிற கிராமத்தார் வாழும் நாட்டில், கண்மாய்க்குள் ஈயத்தை விதைப்பது பொருந்தாத காரியம்.

ஈயத்தைவிட்டால் கனத்துக்கு எங்கே போவது என்ற ஆட்சேபம் உடனே வரும். கணக்குப் பார்க்கலாம். தண்ணீருக்குள் எந்தப் பொருளும் தான் விலக்கிய நீரின் அளவுக்கு எடை இழக்கிறது. ஈயம் தண்ணீரைப்போல் 11.3 மடங்கும் இரும்பு 7.8 மடங்கும் கனமுள்ளவை. ஆகவே 30 கிராம் ஈயம் தண்ணீருக்குள் சுமார் 27.4 கிராமாகவும், 30 கிராம் இரும்பு சுமார் 26.2 கிராமாகவும் இழுக்கும். நாம் வேண்டுவது ஏழு கிராம். அந்த அளவில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால் கிராமுக்குச் சற்றே மேல். இந்தக் கால் கிராமை எந்த விராலும் நிறுத்துப் பார்த்ததில்லை. துருப்பிடிக்குமே என்றால், பிடிக்கட்டும். நம் கண்மாய்க்குத் துரு விஷமல்ல. எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிற சிறு நட்டு ஒன்றை எடுத்து, நரம்பின்மேல் கோக்காமல், சுழலியின் முன்வளையத்திலிருந்து நாலு விரற்கடை நீளமுள்ள தையல் நூலில் தொங்கவிட்டால், அது அச்சுக்குக் கீழே நின்று முறுக்கையும் தடுக்கும். நூல் நரம்பைவிட நலிந்ததாகையால், கருவேலக் கட்டையில் சிக்கும்போது நட்டு மட்டும் அறுந்துபோய், தகடு கைக்குத் திரும்பி வரும்.